கேட்டுக்கு வெளிய போய் புடிப்பா

திருவொத்தியூர்ல ஒரு ஐ.டி.ஐ. கேட்டுல நான் வாட்ச்மேன். அதுக்கு முன்னாடி ஹார்பர்ல மூட்டை தூக்கினேன். கிரேன் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை. "சாப்ட்டியா"ன்னு நான் கேட்டாலே சண்டைக்கு வர்ற மாதிரிதான் இருக்கும்.

அப்பேர்ப்பட்ட என்னைக் கூப்ட்டு பிரின்சிபால் அம்மா, "இனிமே வளாகத்துக்குள்ள யாரும் புகை பிடிக்கக் கூடாது. ஆனா நீங்க யாரையும் அதட்டாம, அன்பா சொல்லணும்"னாங்க. சரிதாம்மான்னேன். உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு.

மொத நாளே பட்டறைக்குப் பின்னாடி ரெண்டு பசங்க ஊதிகினு இருந்தானுங்க. "நைனா, கோச்சிக்காத, கேட்டுக்கு வெளிய போய் புடிப்பா"ன்னேன். ஒருத்தன் மணலி ரிஃபைனரி பக்கம் கையக் காட்டினான். "அவ்ளோ பெரிய புகைக்கூண்டை வுட்டுட்டு என் ஒத்த பீடிக்கு வந்துட்டியே!" நியாயந்தான். கையக் கூப்பினேன். அவனுக்கே ஒரு மாதிரி ஆயிடிச்சி போல, எழுந்து வெளிய போயிட்டான்.

அதுலேர்ந்து கையக் கூப்பறதே என் வேலை. ரெண்டு மாசத்துல உள்ள ஒரு துண்டு பீடி கெடயாது. நானும் காலரத் தூக்கி வுட்டுகினு திரிஞ்சேன்.

கேட்டுக்கு வெளிய, செவுத்த ஒட்டி என் பொண்டாட்டியோட டீ வண்டி. அவளுக்கு வீசிங். பீடி, சிகரெட்டு விக்கவே மாட்டா. சத்தியமா நான் இத்த யோசிக்கவே இல்ல, என்னை செருப்பால அடிக்கணும். வெளிய போனவன் எங்க போவான்? கையில டீ இருந்தாத்தான அவனுங்களுக்கு தம்மு எறங்கும். ஒரு பக்கம் செவுரு, இன்னொரு பக்கம் ஹார்பருக்கு வரிசை கட்டி நிக்கிற கன்டெய்னர் லாரி. நடுவுல காத்து போவ வழியில்ல. முந்தானைய மூக்குல கட்டிகினு அவ டீ ஆத்துவா.

ஒரு நாள் அங்கயும் போய்க் கையக் கூப்பினேன். தள்ளிப் போங்கப்பான்னேன். தள்ளித்தான் போனானுங்க, அடுத்த டீக்கடைக்கு. "யோவ், உன் வேலைய கேட்டுக்கு உள்ள வெச்சிக்கோ. யாவாரம் படுத்துடும்"னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவளுக்கு மூச்சு வாங்கிடிச்சி. மறுநாள் அவளே போய் எல்லாரையும் திரும்பக் கூப்டுகினு வந்தா.

ஒரு நாள் மூச்சு முட்டிப் போயி அவள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடினேன். "புகையில நின்னா மருந்து வேலை செய்யாதும்மா. இன்னொரு தடவ இப்படி வந்தா காப்பாத்தறது கஷ்டம்"னு டாக்டர் சொன்னாரு. "வீட்டுல யாரு பிடிக்கிறாங்க?"ன்னு என்னைப் பார்த்துக் கேட்டாரு. யாருமில்ல சார்னேன். எனுக்கு அழுவாச்சியா வந்திச்சி.

நேத்து மெஷின் ஷாப் பாடம் எடுக்கற சாரு சிகரெட்டப் பத்த வெச்சிகினே கேட்டாண்ட வந்தாரு. என் கை தானா கூப்பிகிச்சி. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரே, "மன்னிச்சிக்கோங்க பெரியவரே, இதோ வெளிய போயிடறேன்"னு அவ்ளோ மரியாதையா சொன்னாரு. உள்ளயே புடிங்க சார்னு நாக்கு நுனி வரைக்கும் வந்திச்சி. அந்தாண்ட அவ இருமிகினு கீறா. நான் கேட்டத் தொறந்து வுட்டேன்.