செல்வி திருத்திய பதில்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மருத்துவ ஆராய்ச்சியில் நான் ஜோக் அடித்திருக்கிறேன்!

சில வருடங்களுக்கு முன் என் மனைவி செல்விக்கு முதுகில் டிஸ்க் விலகி ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு ஆராய்ச்சிக்காக ஆஸ்பத்திரியிலிருந்து அடிக்கடி போன் வரும். எவ்வளவு தூரம் நடக்கிறார்? குனிய முடிகிறதா? ஒருநாள் அவள் குளித்துக்கொண்டிருக்க, நான் எடுத்துத் தொலைத்தேன்.

"கனமான பொருளைத் தூக்க முடியுதா சார்?"

"என்னையே தூக்கி எறிவாம்மா!"

செல்வி தலை துவட்டியபடியே அந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டாள். "அவரு சொன்னத அழிச்சிருங்கம்மா. தண்ணிக் குடம் இன்னும் தூக்க முடியல." பிறகு என்னிடம், "நாம சொல்றத நம்பித்தான நாளைக்கு ஒருத்தரு முடிவெடுப்பாரு?"

அந்த ஒருத்தர் அவள் தம்பியாகவே இருப்பான் என்று யார் கண்டது?

முருகேசனுக்குப் பழங்காநத்தத்தில் பரோட்டா கடை. அவனேதான் மாஸ்டர். போன வருடம் அவனுக்கும் அதே டிஸ்க் — பரோட்டாக் கல் முன்னால் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. சொந்தத்தில் பாதிப் பேர் "உடனே ஆபரேஷன்" என்றார்கள். மீதிப் பேர் "கத்தி வச்சா காலே போயிரும்" என்றார்கள். நான்? யார் வீட்டில் காபி குடித்தேனோ, அவர்கள் கட்சி!

கடைசியில் நாங்கள் மூன்று பேரும் போனபோது டாக்டர் நிதானமாகச் சொன்னார். "கால்ல பலம் குறையல. அதனால அவசரமில்ல. ஆபரேஷன் செஞ்சா வலி சீக்கிரம் குறையலாம். பயிற்சி, மாத்திரையோட இருந்தவங்கள்லயும் நிறையப் பேருக்குக் குறைஞ்சிருக்கு... ஆனா மெதுவா. முடிவு உங்களோடது."

"இதெல்லாம் எப்பிடி சார் தெரியும்?" என்றான் முருகேசன்.

"ரெண்டு வழியிலயும் போனவங்ககிட்ட விடாம கேட்டு எழுதினதுதான்."

"நானும் சொல்லியிருக்கேன் சார்," என்றாள் செல்வி மெதுவாக.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றார். பெருமையில் நான் காலரைத் தூக்கிவிடப் போனேன் — போட்டிருந்தது டி-ஷர்ட்.

முருகேசன் அக்காவைப் பார்த்தான். "அப்ப நான் பொறுத்துப் பாக்குறேன் சார். கல்லுக்கு ஆள் போட்டுக்கிறேன்."

தன் வலியைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது, முகம் தெரியாத ஒரு குடும்பத்துக்குச் செய்கிற உதவி. அப்படிச் சொன்ன அம்புட்டுப் பேரில் என் வீட்டுக்காரியும் ஒருத்தி!

போன வாரம் கடைக்குப் போனேன். பல மாதப் பயிற்சிக்குப் பிறகு, முருகேசன் மாலையில் இரண்டு மணி நேரம் கல் முன்னால் நிற்கிறான். பக்கத்தில் போய், "மாப்ள, உங்க அக்கா எம்புட்டுப் பெரிய..." என்று ஆரம்பித்தேன்.

அவன் நிமிரவேயில்லை.

"தள்ளி நில்லுங்க மச்சான், கல்லு காயுது."