மகர ராசிக்கு அந்த வாரம்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பேருந்தில், போன வாரம், எனக்குப் பின்சீட்டில் ஒருவர் கைப்பேசியைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். வீணை இசை, அதன் மேல் குழைவான ஒரு குரல். "மகர ராசி அன்பர்களே, இந்த வாரம் சனி பகவான் உங்களுக்குப் பொறுமையைக் கற்றுத்தரப் போகிறார். துன்பத்தைத் துன்பமாகப் பார்க்காதீர்கள். உங்களை நீங்களே செதுக்கிக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பாகப் பாருங்கள்." பேருந்தில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பெண்கள். மடியில் தூக்குவாளி. அதில் ஒருத்தி, உண்மைதான் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கைப்பேசியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசியிருக்க வேண்டும். அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை நான். எழுந்துபோய்ப் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

திருத்தங்கல்லுக்குள் பேருந்து நுழைந்ததும் காற்றில் மை வாசனை வந்தது. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. அச்சு இயந்திரத்து உருளையைத் துடைத்த துணியை வெயிலில் போட்டால் அப்படித்தான் இருக்கும். அந்த வாசனைக்குள்தான் நான் என் முதல் வேலையைப் பார்த்தேன். ஓர் அச்சகத்தின் கம்ப்யூட்டர் அறையில் டைப் அடிக்கிற வேலை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இயந்திரங்களுக்குத் தூசி ஆகாதாம். எங்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்று யாரும் கேட்டதில்லை.

சீசனில் காலண்டர் ஆர்டர். மற்ற நாட்களில் திருமணப் பத்திரிகை, தீப்பெட்டி லேபிள். அதோடு வாரா வாரம் ஓர் உள்ளூர் இதழ். அதை வாங்குகிறவர்கள் நடுப்பக்கத்து ராசிபலனுக்காகத்தான் வாங்கினார்கள். அதற்கு மெய்ப்புப் பார்ப்பவர் காதர் அண்ணன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். தொழுகைக்குப் போய்விட்டு வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு ராசியையும் ஒரு மூச்சில் பார்த்து முடிப்பார். "எங்க வீட்டுல யாருக்கும் ராசி கெடையாது தம்பி. ஆனா சந்திராஷ்டமம்னு பெழ இல்லாம எழுத இந்த ஊர்ல என்னைய விட்டா ஆள் கெடையாது" என்பார்.

எனக்கு ராசி உண்டு. கும்பம். முதலில் அதைத்தான் அடிப்பேன். ஒரு வாரம் 'பெண்களால் அனுகூலம்' என்று வந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரி, வாரம் முழுக்க அலைந்தேன். என்னிடம் பேசிய ஒரே பெண், சில்லறை கொண்டுவரவில்லை என்று திட்டிய பெட்டிக்கடை அம்மாதான்.

பலனை எழுதியவர் ஒரு ஜோசியர். பேரைச் சொல்ல வேண்டாம். வெள்ளைச் சட்டை, விரலில் பச்சைக் கல், மொபெட்டில் வந்து இறங்குவார். பட்டாசு சீசன் வந்தால் கம்பெனி முதலாளிகளுக்கு ஜாதகம் பார்க்கவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும், பலன் எழுதிய தாள் வராது. போன் பண்ணிக் கேட்டால், "போன வருசத்துல உள்ளத எடுத்துக்கிடுங்க தம்பி. மேசத்துக்குப் போட்டத துலாத்துக்குப் போடுங்க. ஒண்ணும் கெட்டுப்போகாது" என்பார். காதர் அண்ணன் போனை வைத்துவிட்டு, "கெரகமெல்லாம் இந்த மேசையிலதாம்பா சுத்துது" என்று சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

என் அக்காவுக்கு மகர ராசி. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். இதழ் அச்சான அன்று ஒரு பிரதியை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். வாசலிலேயே கேட்பாள். "எனக்கு என்னலே போட்டிருக்காக இந்த வாரம்?" படித்துக் காட்டினால் நல்லதற்குச் சிரிப்பாள், கெட்டதற்கும் சிரிப்பாள். அந்த வாரம், 'உழைப்புக்கேற்ற உயர்வு உண்டு. உடன் பணிபுரிவோர் துணை நிற்பர்' என்று இருந்தது. "பெறகென்ன, செல்விட்டச் சொல்லி நாளைக்கு எம்பங்கையும் சேத்துப் பாக்கச் சொல்லிருவோம்" என்றாள். செல்வி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண். இருவரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிடுவார்கள்.

தீபாவளி நெருக்கம். நாலு பேர் உட்கார வேண்டிய அறைக்குள் அதற்கு மேல் ஆளை அடைத்திருந்தார்கள். வெளியே வெயிலில் பட்டாசு மருந்து காய்ந்துகொண்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல் மழை இருட்டிக்கொண்டு வந்ததும், போர்மேன் அவ்வளவு மருந்தையும் அள்ளி ஆட்கள் இருந்த அறைக்குள்ளேயே குவிக்கச் சொன்னார். அக்கா தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தாள். வெடித்ததும் எல்லாரும் காட்டுப்பக்கம் ஓடினார்கள். அக்கா உள்ளே ஓடினாள். செல்வியின் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். செல்வி பிழைக்கவில்லை. அக்காவின் இரண்டு கைகளும் வெந்துபோயின.

அச்சகத்துக்குத்தான் போன் வந்தது. காதர் அண்ணன் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பிறகு, "தைரியமா இருப்பா" என்றார்.

மறுநாளிலிருந்து செல்வியின் அம்மா வந்தார். மகளைப் புதைத்த கையோடு வந்து, அக்காவுக்குக் கஞ்சியை ஊட்டிவிட்டார். அக்கா வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால், "எம்பிள்ளையத் தனியா வுட்டுட்டு ஓடலேல நீயி. குடி தாயி" என்பார். என்னால் அங்கே நிற்க முடியாது. வராண்டாவுக்குப் போய்விடுவேன்.

இப்படி அவர் ஊட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் கம்பெனி மேனேஜர் ஆப்பிள் பையோடு வந்தார். கூடவே நம்முடைய ஜோசியர். கையில் இருக்கன்குடி மாரியம்மன் குங்குமம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏழரைச் சனிம்மா ஒனக்கு. உசுருக்கு வந்தது கையோட போச்சு. அந்தச் செல்விப் பிள்ளைக்கு அற்பாயுசு. கெரகந்தான் அவளக் கைதவற வச்சிருக்கு. ஆபீசர் விசாரிக்க வருவாக. செல்வி மருந்துத் தட்டக் கீழ போட்டுட்டான்னு சொல்லிரு. செத்தவளுக்கு அதுனால ஒண்ணும் கொறையப்போறதில்ல. கம்பெனி ஒன்னையக் கைவிடாது."

மேனேஜர் தலையாட்டினார். கஞ்சிக் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது யார் என்று இருவருக்குமே தெரியவில்லை.

நான் வாயைத் திறந்தேன். "இந்த வாரம் மகரத்துக்கு உயர்வு உண்டுன்னு எழுதிக் குடுத்தீகளே சாமி."

"அது பொதுப்பலன் தம்பி. தனி ஜாதகம் வேற" என்றார், கண் இமைக்காமல்.

அக்கா கேட்டாள். "செல்வி ஜாதகத்த எங்கன பாத்தீக?"

"அவுக வீட்டுலதான் குடுத்தாக."

செல்வியின் அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நாந்தான் சாமி அவளப் பெத்தவ. காட்டுல களையெடுக்கப் போன எடத்துல வலி வந்து பெத்தேன். என்ன நேரம், என்ன நாளுன்னு எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு ஒரு தேதியப் போட்டு எழுதுனாரு. எம்பிள்ளைக்கு ஜாதகமே கெடையாதே. நீங்க எத வச்சுப் பாத்தீக?"

ஜோசியர் எழுந்தார். குங்குமத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு நடந்தார். மேனேஜர் ஆப்பிள் பையை என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அன்று ஏறிய கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. ஒரு மனிதனுக்குக் கிரகத்தின் மேல் நம்பிக்கை இருக்கலாம். அக்காவுக்கே இருந்தது. ஆனால் இவர் நம்பவில்லை. மேஷத்தைத் தூக்கித் துலாத்தில் போடச் சொன்னவர் அவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பழியைச் சனியின் மேல் போட்டால் சனி கோர்ட்டுக்கு வராது. செல்வியின் மேல் போட்டால் செல்வியும் வரமாட்டாள்.

அதிகாரி வந்தபோது அக்கா படுக்கையில் கிடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள், மருந்தை அள்ளி வைக்கச் சொன்னது யார் என்று. அவர் கடைசியாக, "அந்தப் பொண்ணு கைதவறிருச்சுன்னு சொல்றாங்களே" என்றார். "அவ கையில அப்போ தட்டே இல்லய்யா. கஞ்சி குடிக்கக் கை கழுவிட்டு வந்து உக்காந்திருந்தா" என்றாள். அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு கட்டைவிரல் ரேகை வாங்க மையை எடுத்தவர், அக்காவின் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

கம்பெனியைப் பூட்டினார்கள். செல்வியின் பேரில் பழி விழவில்லை. அவள் அம்மாவுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. ஆனால் அடுத்த சீசனுக்குள் அதே இடத்தில் வேறு பெயரில் போர்டு மாட்டினார்கள். அக்காவை எந்தக் கம்பெனியும் வாசலில் சேர்க்கவில்லை. பிழைப்பைக் கெடுத்தவள் என்று தெருவிலேயே சிலர் பேசினார்கள். நான் அந்த இதழுக்கு டைப் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு லேபிள் வேலைக்கு மாறினேன். காதர் அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவரும் ராசிபலனுக்கு மெய்ப்புப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு வந்த இதழ்களில் சந்திராஷ்டமம் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு விதமாக வந்தது.

இப்போது அந்த இதழ் இல்லை. அச்சகம் இருந்த இடத்தில் பரிசுப் பொருள் குடோன். காதர் அண்ணன் காலமாகிவிட்டார். ஜோசியரும் போய்விட்டார், நல்ல வயது இருந்துதான் போனார். செல்வியின் அம்மா சாகும்வரை எங்கள் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்.

போன மாதம் அக்காவோடு ரேஷன் கடைக்குப் போனேன். விரல் வைக்கும் இயந்திரம் அவள் விரலை ஏற்கவில்லை. கடைக்காரப் பெண் புதிது. "நல்லா அழுத்தி வையிங்கக்கா, ரேகை விழ மாட்டேங்குது" என்றாள். அக்கா வைத்தாள். வேறு விரலை வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா தழும்பேறி வழவழவென்று இருந்த இரண்டு உள்ளங்கைகளையும் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே விரித்தாள்.

"எத்தன தடவ வச்சாலும் அங்கன ஒண்ணும் இல்ல தாயி" என்றாள். "அரிசிய அளந்து போடு. போடாம நான் இங்கனருந்து நகர மாட்டேன்."