ஏழாவது கேசட்

கல்ஃபில் வேலை பார்த்துக்கொண்டு, சத்வா ஏரியாவில் ஆறு பேரோடு ஒரே ரூமில் இருந்த காலம். எங்கள் ஆபீஸ் மேனேஜர் கனடாக்காரர். அவருடைய ஊர் ஐஸ் ஹாக்கி டீம் எண்பதுகளில் ஆடிய இறுதித் தொடரை, ஆட்டத்துக்கு ஒன்றாக ஏழு வீடியோ கேசட்டில் வைத்திருந்தார். சிடியில் ஏற்றி வரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

கடைக்குக் கிளம்பும்போது எண்ணினால் ஆறுதான் இருந்தது. ஏழாவது, ரூம் டெக்கில் கிடந்தது. போட்டுப் பார்த்தேன். பொங்கல் பட்டிமன்றம் ஓடியது.

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"வெள்ளைக்காரனுங்க பனியில வழுக்கிக்கிட்டே இருந்தானுங்க மாப்ள. இதை யாரு பாக்கப் போறான்னு மேலயே பதிஞ்சுட்டேன்" என்றான் மேல்கட்டில்காரன்.

வேலை போச்சு, விசா கேன்சல் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஊருக்கு வெறுங்கையோடு போக முடியுமா? மேனேஜரிடம் சொல்வதற்கு முன்பே ஒரு டஜன் கோடாலித் தைலம், நாலு பால்பவுடர் டின், மாமனாருக்கு டார்ச் லைட் எல்லாம் வாங்கிப் பெட்டி கட்டினேன். பிறகுதான் அவர் முன்னால் போய் நின்று, உளறிக் கொட்டினேன்.

"ஏழாவதா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "அதுலதான் நாங்க தோத்தோம். ஒரு தடவைகூட நான் அதைப் போட்டதில்லை. முதல் ஆறுல ஆளுக்கு மூணு ஜெயிச்சிருந்தோம். இனிமே மூணுக்கு மூணுன்னே இருக்கட்டும்."

வேலை தப்பியது. அந்த வருஷம் ரூமில் யாரும் தலைவலி என்று வாய் திறக்க முடியவில்லை. திறந்தால், தைலத்தோடு நான் நிற்பேன்.