இரண்டாவது உலை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். வெயிலில் வீடு வீடாக அலைகிற வேலைக்கு அப்படியொரு வாய் வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அரசாங்கத்துக்குப் புள்ளிவிபரம் எடுக்கிற வேலை. சாம்பல்தீவுப் பக்கத்தை எனக்குத் தந்திருந்தார்கள். வீட்டில் யார் யார், யாருக்கு என்ன நோய் வருத்தம், எதற்கு என்ன செலவு என்று கேட்டு, கையில் தந்த டெப் கணினியில் பதிய வேண்டும். பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்ன விதி ஒன்று உண்டு. ஒரே கூரைக்குள் இருந்தால் மட்டும் ஒரு குடித்தனம் ஆகாது. ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும். உலை இரண்டென்றால் குடித்தனமும் இரண்டு, தலைவரும் இரண்டு பேர்.

அந்த வீட்டு அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள். அவரும் கணவரும் மட்டும்தான். வீடு அவருடைய சீதனம். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். தலைவர் யாரென்று கேட்டால் அந்தப் பெண்ணே புருஷன் பெயரைச் சொல்லுவாள். அதனால் நான் கேட்காமலே கணவரைத் தலைவராகத் தட்டிவிட்டேன்.

"சமையல் ஒண்டுதானே அக்கா?"

"இல்லைப் பிள்ளை."

நிமிர்ந்து பார்த்தேன்.

"ஏழு வருஷமா நான் எனக்கு மட்டும்தான் சமைக்கிறனான். அவர் பின்கொட்டிலில காஸ் அடுப்பு வச்சிருக்கிறார். எனக்குக் கை நீட்டி அடிச்சவர். அண்டைக்கே உலையைப் பிரிச்சிட்டன். வெளியில போகச் சொன்னன், போகேல்லை. பிள்ளையளுக்கும் தெரியாது."

"அப்ப விதிப்படி நீங்கள் தனிக் குடித்தனம் அக்கா. தலைவர் நீங்கள்தான்."

"அப்பிடி எழுதலாமோ?"

"எழுதத்தான் வேணும். ஆனா இதால காசோ உதவியோ வராது, முதலே சொல்லிப்போட்டன்."

"எனக்கு ஒண்டும் வேண்டாம். ஒரு இடத்திலயாவது உள்ளதை உள்ளபடி எழுதிக் கிடந்தாக் காணும்."

முதல் பதிவைப் பிரித்து இரண்டாக்கினேன். இரண்டாவதில் தலைவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான்.

வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. கணவர் துறைமுகத்தில் வேலை செய்பவர், கோயில் நிர்வாகத்திலும் இருப்பவர். உள்ளே வந்தவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நான் திரையை மறைப்பதற்குள் வாசித்துவிட்டார். ஒரு கதிரையை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி டவுனில, ஓர்ஸ் ஹில் பக்கம்தானே இருக்கிறீங்கள்? உங்கட மனுசனை எனக்கு நல்லாத் தெரியும். மகளை ரியூசனுக்கு ஏத்திக்கொண்டு போறதையும் காணுறனான்." சிரித்துக்கொண்டே சொன்னார். "எங்கட வீட்டுக் கதை எங்களோட இருக்கட்டும். ஒண்டாப் போடுங்கோ."

"போடாதேங்கோ பிள்ளை" என்றார் அக்கா, அடுப்படி வாசலில் நின்று.

அவர் மனைவியைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு கேள்வி நாக்கு நுனியில் நின்றது. ஆனால் மகளின் பேச்சை எடுத்துவிட்டாரே! மனுசன் அடுத்து என்ன செய்வானோ? இரண்டாவது பதிவை அழித்தேன். ஒரு குடித்தனம், தலைவர் அவர்.

கதிரையை நகர்த்தி வழிவிட்டார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" என்றார். அக்கா உள்ளே போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் என் வீட்டில் இருந்துகொண்டு அந்தப் பதிவைத் திரும்பவும் திறந்தேன். இன்னும் அனுப்பவில்லை, மாற்றலாம். இங்கே யார் வாசலை மறித்துக்கொண்டு இருந்தார்? ஒருவரும் இல்லை. சரிபார்க்க மேலதிகாரி அந்த வீட்டுக்குப் போனால் அந்த மனுசனுக்குத் தெரிந்துவிடுமே என்று யோசித்து யோசித்து, கடைசியில் அப்படியே அனுப்பினேன்.

சில மாதம் கழித்து அறிக்கை வந்த அன்று எங்களைக் கூப்பிட்டு, எங்கள் பிரிவில் ஒரு பிழைகூட இல்லை என்று பாராட்டினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு முன்னால் விரித்திருந்த பக்கத்தில், பெண்கள் தலைமை தாங்கும் குடித்தனங்கள் என்று ஒரு வரி. அதற்கு நேரே இருந்த எண்ணில் ஒன்று குறைகிறது. அங்கே கூடியிருந்தவர்களில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் கை தட்டினேன்.