நின்ற டிராக்டரும் அண்ணனின் சந்தேகமும்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேரையாவது அவர் என்றைக்காவது சந்தேகப்பட்டிருப்பார். இருந்தும் வந்திருக்கிறீர்கள். தங்கையான நான் உள்ளதை உள்ளபடி எழுதினால் கோபிக்க மாட்டீர்கள்.

ராசிபுரத்துக்கு மேற்கே, வானம் பார்த்த புஞ்சைக் காட்டை நம்பிய குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். எங்கள் சிறு வயதிலேயே அப்பா காலமாக, ஒரு பங்காளி ஆறுதல் சொல்வதுபோல் வந்து காட்டில் பாதியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அன்றிலிருந்து அண்ணன் யாரையும் நம்பியதில்லை. பால் வந்தால் விரலால் தொட்டுப் பார்ப்பார். "வெளுத்ததெல்லாம் பாலில்ல அம்மணி" என்பார். கல்யாணப் பந்தியில்கூடச் செருப்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். என்னை வளர்த்து ஆளாக்கிப் பக்கத்துக் காட்டுக்காரருக்கே கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை கண் பார்வையிலேயே இருக்க வேண்டுமாம்!

மேட்டூர் அணை வேலையில் ஓடி, அது முடிந்தபின் பல கை மாறி வந்த பழைய டிராக்டர் ஒன்றை அண்ணன் வாங்கினார். "இந்த இரும்புக் கழுதய நம்பாதீங்க மச்சான், எருது வாங்குங்க" என்று என் வீட்டுக்காரர் தடுத்தார். அந்தச் சொல் அண்ணன் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அந்த வருடம் கோமாரி நோயில் இரண்டு வீட்டு எருதுகளும் செத்துப்போயின. ஆயுத பூஜை கழிந்த மூன்றாம் நாள் நல்ல மழை. மண்ணில் ஈரம் நாலைந்து நாள்தான் நிற்கும். அதற்குள் உழுது சோளம் விதைக்காவிட்டால் இரண்டு வீட்டிலும் சோற்றுக்கு வழியில்லை. டிராக்டரோ ஒரு சால் ஓடி நின்றுவிட்டது. அதன்பின் முன்பக்கக் கைப்பிடியை எத்தனை சுற்றியும் கிளம்பவில்லை.

அண்ணன் டாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். சீமெண்ணெயைத் துணியில் வடிகட்டினார். தண்ணீரும் இல்லை, மண்ணும் இல்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மூடி, சுற்றியதும் கிளம்பியது. அரைச் சாலில் நின்றது. திறந்து பார்த்தபின் கிளம்பும், மூடி ஓட்டினால் நிற்கும். இரண்டு நாள் இதே கூத்து.

"பூசையன்னிக்கு வண்டிகிட்ட நின்னது மாப்பிள்ளதான். அவரு சொல்லு பலிக்கோணும்னு என்னமோ பண்ணிப்போட்டாரு" என்றார் அண்ணன். உதவ வந்த என் வீட்டுக்காரரிடம், "மாப்பிள்ள, வேலிக்கு அந்தப் பக்கமே நில்லுங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவர் திரும்பி நடந்தார். நான் அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

"அவருக்கு எடமில்லாத ஊட்டுல எனக்கென்னங்ண்ணா வேல? இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டனுங்க!"

"பொறு அம்மணி, சாட்சி இருக்குது" என்று அண்ணன் டாங்கி மூடியைக் கொண்டுவந்து நீட்டினார். நடுவில் அப்பிய சந்தனம் காய்ந்திருந்தது. அதில் ஒரு கட்டைவிரல் பதிவு. "பாரு, யாரோ கை வெச்சிருக்காங்க."

பார்த்தேன். பதிவின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. அண்ணன் கட்டைவிரலில் அரிவாள் வெட்டிய பழைய தழும்பு உண்டு.

"உங்க வெரல வெச்சுப் பாருங்கண்ணா."

வைத்தார். அப்படியே பொருந்தியது.

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. வேலமுள்ளால் சந்தனத்தைச் சுரண்டினார். அடியில் சிறு துளை. அதன் வழியாகக் காற்றுப் புகுந்தால்தான் எண்ணெய் இறங்கும். பூஜையன்று பொட்டு வைக்கிறேன் என்று தம் கையாலேயே அதை அடைத்திருக்கிறார். மூடியைத் திறந்தபோதெல்லாம் வண்டி உயிர் பெற்றதும் அதனால்தான்.

வண்டி கிளம்பியது. அண்ணன் அதைத் தம் காட்டுக்கு ஓட்டவில்லை. வேலியைத் தாமே பிரித்து எங்கள் காட்டில் இறக்கினார். அதை உழுது முடித்துத் தம் காட்டில் கால்வாசி போவதற்குள் ஈரம் காய்ந்துவிட்டது. அந்த வருடம் அவர் காடு முக்கால்வாசி தரிசாகக் கிடந்தது. எங்கள் சோளத்தைத்தான் இரண்டு வீடும் தின்றோம்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "நீங்களே வெச்சுருங்க மாப்பிள்ள. என் கைய நம்ப முடியாதுங்க."

கடைசிக் காய்ச்சலில் யார் மருந்து கொடுத்தாலும் முகர்ந்துதான் குடித்தார். என் வீட்டுக்காரர் கொடுத்தால் மட்டும் அப்படியே குடித்தார்.

வேளை பார்க்காமல் வந்த வைத்தியருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், தோள் கொடுத்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இவ்வளவு கூட்டம் எதற்கு வந்ததென்று அண்ணன் நிச்சயம் சந்தேகப்பட்டிருப்பார். அதை நினைத்துச் சிரிக்கிறேன், அழுகையும் வருகிறது. அவரைத் தூக்கிச் சென்ற அன்று அவர் நெற்றியில் சந்தனம் வைத்தது என் வீட்டுக்காரர். அண்ணனால் பேச முடிந்திருந்தாலும் அந்தக் கையைத்தான் கேட்டிருப்பார்.