பொட்டில்லாத வேலி

எங்கள் பஸ், எஞ்சின் கொதித்து, வல்வெட்டித்துறைக் கடற்கரையோரம் நிற்கிறது. இந்தியாவிலிருந்து களவாக வந்திறங்குவோரைத் தடுக்க அங்கே புதிதாக முள்ளுக்கம்பி வேலி அடைக்கிறார்கள். கூலிக்கு அடைக்கும் கந்தையர் என்ற தோணிக்காரரை மேற்பார்வை உத்தியோகத்தர் ஏசிக்கொண்டிருக்கிறார். வேலியின் நடுவில் ஓராள் நுழையும் அளவுக்கு இடைவெளி, ஊர் வழக்கில் பொட்டு.

“என்னத்துக்கு உந்தப் பொட்டு?”

“கைப்பழக்கம் ஐயா. பக்கத்து வளவுச் சனம் வந்துபோக விடுறது. கதைபேச்சு இல்லாத ஆக்களுக்குத்தான் பொட்டில்லாமல் அடைப்பம்.”

உடனே அடைக்கச் சொல்லிவிட்டு உத்தியோகத்தர் நகர்கிறார். நான் கிட்டப் போய்க் கேட்கிறேன்: “வேலி போட்டால் வாறது நிக்குமோ அண்ணை?”

“கடல் பெரிசு தம்பி. பிழைக்க வாறவன் வேறை கரையிலை இறங்குவான்.” கம்பியை இழுக்கும் கை நிற்கிறது. “என்ரை மகளை அக்கரையிலை, கோடியக்கரையிலை கட்டிக் குடுத்தனான். தலைப்பிள்ளைக்கு இஞ்சை வரவேணும். வயித்தோடை அவள் எத்தினை கரை சுத்துவாள்?”

“பிறகேன் நீங்களே அடைக்கிறியள்?”

கந்தையர் பொட்டை இறுக்கி அடைத்து முடிக்கிறார். பிறகு, கதைபேச்சு அற்றுப்போன அயல்வீட்டைக் கடப்பவர்போல, கடலைப் பார்க்காமல் நடக்கிறார்.