ஃப்ளூலியில் ஓர் இடக்கை வில்

சனிக்கிழமை காலை எட்டு மணி ரயிலில் லாங்கன்தாலிலிருந்து நானும் என் மனைவி சுதாவும் புறப்பட்டோம். ஹுட்வில் வழியாக வோல்ஹூசன் போய், அங்கே வண்டி மாறி ஷுப்ஹைம். அங்கிருந்து மஞ்சள் நிறத் தபால் பேருந்தில் என்ட்லபுக் மலைகளுக்குள் இருக்கும் ஃப்ளூலி கிராமம். எல்லாமாக இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். போன காரியம், சுதாவுக்கு ஒரு வில் வாங்குவது.

சுதா சிறு வயதிலேயே இந்த நாட்டுக்கு வந்தவள். ஆய்வுகூடத்தில் வேலை. ஆறேழு வருடங்களாக எங்கள் ஊர் வில்லுக் கழகத்தில் பயிற்சி செய்கிறாள். மாநில வேட்டைப் பரீட்சையும் எழுதித் தேறிவிட்டாள். சுவிற்சர்லாந்தில் வில்லால் வேட்டையாடச் சட்டம் இடம் தராது. கனடாவில் ஆல்பேர்ட்டாப் பக்கம் தரும். அங்கே கல்கரியில் இருக்கிற அவளுடைய சித்தப்பாவின் மகன் வருடந்தோறும் எல்க் வேட்டைக்குப் போகிறவன். செப்டெம்பரில் வரச்சொல்லி அழைத்திருந்தான். எல்க் என்பது குதிரை உயரத்துக்கு நிற்கிற பெரிய மான். சுதாவுக்கு அதுதான் முதல் வேட்டை.

எனக்கு அதில் விருப்பமும் இல்லை, மறுப்பும் இல்லை என்றுதான் அவளிடம் சொல்லி வந்தேன். உள்ளே கூச்சம் இருந்தது. கோயிலில் யாராவது விசாரித்தால், கனடாவுக்குச் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறாள் என்று சொல்லி முடித்துவிடுவேன். அன்றைக்கு உடன் போனதும் பொதி தூக்கத்தான்.

ரயிலில் சுதா தனக்கு வேண்டியதை விளக்கிக்கொண்டு வந்தாள். சக்கரமும் கம்பியும் பூட்டிய நவீன வில் அவளுக்கு வேண்டாம். ஒரே தண்டாக நீண்ட மரவில் வேண்டும். அதில் குறிபார்க்கும் கருவி எதுவும் கிடையாது, கண்ணும் கையும்தான். ஆல்பேர்ட்டாவில் நாற்பது இறாத்தலுக்குக் குறைந்த இழுவிசையுள்ள வில்லுக்கு அனுமதி இல்லை. அவளால் நாற்பத்தேழு இறாத்தல் வில்லை நடுங்காமல் இழுத்துப் பிடிக்க முடியும். பாரமான அம்பு, இரண்டே அலகுள்ள கூரிய முனை. விலா எலும்புகளுக்கு இடையில் அது மறுபக்கம் வரை போகவேண்டும், இல்லாவிட்டால் அந்த மான் நாள்கணக்கில் கிடந்து சாகும் என்றாள். இன்னொன்று, அவள் இடக்கைக்காரி, வில்லை வலக்கையில் பிடித்து நாணை இடக்கையால் இழுப்பவள். இடக்கை மரவில் கடையில் கிடைக்காது. ஃப்ளூலியில் கஸ்பர் என்ற வில் செய்பவருக்குக் குளிர்காலத்திலேயே எழுதி, தன் கை நீளத்துக்கு ஒன்று செய்வித்திருந்தாள்.

ஷுப்ஹைமில் எங்கள் நீண்ட வெற்றுப் பையைப் பார்த்த பேருந்து ஓட்டுநர், மீன்பிடிக்கப் போகிறீர்களா என்று கேட்டார். சுதா விஷயத்தைச் சொன்னதும், கஸ்பரின் பட்டறை தேவாலயத்துக்கு அடுத்த நிறுத்தம், மணியை நேரத்தோடு அழுத்துங்கள் என்றார். சாலை ஆற்றை ஒட்டியே ஏறியது. மேலே ஷ்ராட்டன்ஃப்ளூ மலையின் வெள்ளைப் பாறைகளில் இன்னும் பனி மிச்சமிருந்தது. கீழே புல்வெளிகளில் எருப் போட்டிருந்தார்கள். அந்த மணம் பேருந்துக்குள்ளும் வந்தது.

பட்டறை ஒரு பழைய மாட்டுத் தொழுவத்தின் பாதி. கஸ்பர் அறுபது வயது மதிக்கத்தக்க பெரிய உருவம். கதவைத் திறந்தவர் நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். கனடா வேட்டைக்கென்று எழுதிய கடிதத்தில் சுதா தன் பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டிருந்தாள். “அப்ப நீங்கதான் அந்த வேட்டைக்காரர்” என்று தன் மலைநாட்டு ஜெர்மனில் சொன்னார்.

நான் தொழிற்சாலையில் பொதியிடும் பகுதியில் வேலை செய்கிறவன். இந்த நாட்டில் எந்தக் கடைக்காரரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தக் கண்களில் ஒரு மதிப்பு இருந்தது. நான் “யா” என்று ஆமோதித்தேன்.

பக்கத்தில் சுதா சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். அடுத்த வாக்கியத்தில் திருத்தியிருக்கலாம். கஸ்பர் தன் கனடாப் பயணங்களைச் சொல்லத் தொடங்க, நானும் சேர்ந்து கதைத்தேன். என்ன விலங்கு என்று கேட்டபோது ‘எல்ஹ்’ என்றேன். ஜெர்மனில் அது வேறு விலங்கு, தட்டைக் கொம்பும் தொங்கும் மூக்கும் உள்ளது. எல்க் மானை இங்கே வாப்பிட்டி என்பார்கள். கஸ்பர் புருவத்தைச் சுருக்கி, அதற்கு இந்த வில் போதாதே என்றார். அப்போது சுதாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

கஸ்பர் துணியை விலக்கி வில்லை எடுத்துத் தந்தார். எல்ம் மரத்தில் செய்தது, தேன் நிறம், கைப்பிடியில் கறுத்த தோல். நான் அதை இடக்கையில் பிடித்து வலக்கையால் நாணை இழுத்தேன். இடக்கைக்காரர் என்றல்லவா எழுதியிருந்தீர்கள் என்று அவர் கேட்டார். இரண்டு கையும் பழக்கம் என்றேன். மெதுவாக, விட்டுவிடாதீர்கள் என்று அவர் எச்சரித்தார். அம்பு பூட்டாமல் நாணை விட்டால், அம்புக்குப் போகவேண்டிய விசை முழுவதும் மரத்துக்குள்ளேயே திரும்பும். கழக வாசலில் சுதாவுக்காகக் காத்திருந்த நாட்களில் நானும் இதைக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அவருக்கு முன்னால் முழுதாக இழுத்துக் காட்டவேண்டும் என்றிருந்தது. நாண் தாடையருகே வந்தபோது தோள் நடுங்கியது. விரல்கள் நழுவின.

பலகை பிளக்கிற சத்தம். வில்லின் மேல் பாதி நடுவில் கிழிந்து தொங்கியது. ஒரு சிராய் பறந்துபோய் சுதாவின் இடக் கண்ணுக்குக் கீழே கீறியிருந்தது. குறி பார்க்கிற கண் அது. அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நான் ஓடிப்போய்க் கையை விலக்கிப் பார்த்தேன். சிறிய கீறல்தான், கண்ணுக்கு ஒன்றுமில்லை. கஸ்பர் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தார். முகத்தைத் துடைத்த பிறகு சுதா அவரிடம் அமைதியாகச் சொன்னாள்:

“கடிதம் எழுதினது நான். அந்த வில் எனக்குச் செய்தது.”

கஸ்பரின் கழுத்து சிவந்தது. என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அவளிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டிருக்கவேண்டும். உடைந்த வில்லுக்கு 780 பிராங்கை நான் நீட்டினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செப்டெம்பருக்குள் இன்னொன்று செய்யப் பதப்பட்ட மரம் இல்லை. யாரோ சொல்லிவைத்துவிட்டு எடுக்க வராத இடக்கை வில் ஒன்று மட்டும் இருந்தது. நாற்பத்தொரு இறாத்தல். சுதா அதை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். அங்கே நுரைப்பஞ்சில் செய்த ஒரு மான் நிறுத்தியிருந்தது. கிட்ட நின்று விட்ட மூன்று அம்பும் நெஞ்சுப் பகுதியில் ஒன்றாகப் பாய்ந்தன. இருபது மீற்றருக்குப் பின்வாங்கினாள். பாரமான அம்பு தாழ்ந்து போய் வயிற்றில் விழுந்தது. மீண்டும் விட்டாள், இந்த முறை காலில். கஸ்பர், இலேசான அம்பு போட்டால் தூரம் போகும் என்றார். பெரிய மானுக்கு இலேசான அம்பு வேண்டாம் என்று அவள் மறுத்தாள். பன்னிரண்டு மீற்றர் வரை மட்டும் எய்வேன், அதற்கப்பால் நின்றால் வில்லை இறக்கிவிடுவேன் என்றாள். கஸ்பர் தலையாட்டினார். அந்த வில்லையும், ஆறு சாம்பல்மர அம்புகளையும், அலகு தீட்டும் அரத்தையும் எடுத்துக்கொண்டு நாங்கள் வெளியே வந்தோம்.

பேருந்து வர நேரமிருந்தது. நிறுத்தத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தெரியாமல் கை நழுவிவிட்டது என்று தொடங்கினேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

“வில்லு முறிஞ்சதுக்கு நான் கோபப்படேல்லை. நீங்கள் ‘யா’ எண்டு சொன்ன உடனை என்னை ஒருக்காத் திரும்பிப் பாத்தியள். பாத்திட்டும் கதைச்சுக்கொண்டு போனியள்.”

அவள் சொன்னது சரி. பார்த்தேன். அந்தப் பார்வையை நான் கஸ்பரிடமிருந்து மறைத்திருந்தேன், என்னிடமிருந்தும்தான். பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் நன்றாக வெயில் எறித்தது. சைக்கிள்காரர்களும் மலையேறிகளும் ஏறி இறங்கினார்கள். அன்றைய நிலக்காட்சி பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு எதுவும் நினைவில்லை.

செப்டெம்பரில் அவள் தனியாகத்தான் போனாள். அக்டோபரில், அவள் திரும்பி வந்த பிறகு, ஓஸ்டர்முண்டிகனில் அவளுடைய தமையன் வீட்டில் ஞாயிறு மத்தியானச் சாப்பாடு. எல்லாரும் கதை கேட்கச் சூழ்ந்தார்கள். விடியற்காலைக் குளிரில் காற்றுக்கு எதிராக ஊர்ந்ததையும், எல்க் கொம்பன் ஒன்று ஊளைபோலக் கூவிக்கொண்டு மரங்களுக்கிடையிலிருந்து வெளியே வந்ததையும் அவள் கையை விரித்துச் சொன்னாள். பக்கவாட்டாக நின்றதாம். மூச்சு ஆவியாகப் போனதாம். அது நெடுநேரம் நின்றது, இவள் நாணை இழுத்துப் பிடித்திருந்தாள், பிறகு இறக்கிவிட்டாள்.

“ஏன் விடேல்லை?” என்று தமையன் கேட்டார்.

“தூரம்” என்றாள். “பதினேழு மீற்றர் வரும்.”

அவ்வளவுதான் சொன்னாள். தமையன், முதல் தடவைதானே, அடுத்த முறை பார்ப்போம் என்றார். பேச்சு வேறு பக்கம் திரும்பப் போனது. பதினேழு மீற்றர் அந்தத் தேன் நிற வில்லுக்குத் தூரமே இல்லை என்பது அந்த மேசையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

“அவவின்ரை வில்லை நான் முறிச்சுப்போட்டன்” என்றேன். “வேட்டைக்காரன் நான்தான் எண்டு கடைக்காரனுக்குப் பொய் சொல்லி, இழுத்துக் காட்டப்போய் முறிச்சன்.”

தமையன் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் காது இரண்டும் எரிந்தன. சுதா கறிச் சட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு, கொம்பன் எந்தப் பக்கமாகக் காட்டுக்குள் திரும்பிப் போனது என்பதைச் சொல்லத் தொடங்கினாள்.